சித்திரம் முதலில், சுவர் பிறகு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். உடம்பைக் கவனிக்காமல் வேலை வேலை என்று அலைபவர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் புத்தி அது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நகரம் இதைத் தலைகீழாக்கிக் காட்டியது. அங்கே சுவர் எல்லாம் விழுந்து கிடந்த நேரத்தில் சித்திரங்கள் வந்து சேர்ந்தன. அவற்றை மாட்டுவதற்கான சுவர் எழும்ப ஏழாண்டுகள் ஆயின.

நகரத்தின் பெயர் ஸ்கோப்யே. இன்று வட மாசிடோனியாவின் தலைநகரம். அன்று யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதி. 1963 ஜூலை 26 அதிகாலை 5.17க்கு நிலம் குலுங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகளில் முக்கால் பங்குக்கு மேல் இடிந்தன, அல்லது குடியிருக்க லாயக்கற்றுப் போயின. பழைய ரயில் நிலையத்தின் கடிகாரம் அந்த நேரத்திலேயே நின்றுவிட்டது. அதைச் சரி செய்யாமல் அப்படியே விட்டு, பாதி இடிந்த அந்தக் கட்டடத்தை நகர அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள்.

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். முந்தைய ஆண்டுதான் கியூபா ஏவுகணை விவகாரத்தில் உலகம் அணுப்போரின் விளிம்புவரை போய்த் திரும்பியிருந்தது. அப்படியிருந்தும் ஸ்கோப்யேயின் இடிபாடுகளுக்கு அமெரிக்க ராணுவத்தின் கள மருத்துவமனையும் வந்தது, சோவியத் ராணுவப் பொறியாளர்களும் வந்தார்கள். கூடாரம், மருந்து, தற்காலிக வீடுகள் எனப் பல நாடுகளிலிருந்தும் உதவி குவிந்தது. நகர மையத்தைத் திரும்பத் திட்டமிட ஐக்கிய நாடுகள் சபை நடத்திய போட்டியில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே 1965இல் வென்றார். இவையெல்லாம் பேரிடருக்குப் பின் நாம் எதிர்பார்க்கக்கூடியவைதான். எதிர்பாராதது வேறொன்று.

நிலநடுக்கம் நடந்த 1963இன் அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய சர்வதேசக் கலைஞர் சங்கம், உலக ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தது: ஸ்கோப்யேவுக்கு உங்கள் படைப்புகளைக் கொடுங்கள். விற்று வீடு கட்டுவதற்காகக் கேட்கவில்லை. அந்த ஊரிலேயே வைத்துக்கொள்வதற்காகக் கேட்டார்கள். 1964 பிப்ரவரியில் ஸ்கோப்யே நகர மன்றம் சமகாலக் கலை அருங்காட்சியகம் ஒன்றை நிறுவத் தீர்மானித்தது. மக்களில் பெரும்பகுதியினர் இன்னும் தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்த நேரம் அது. நம்மூரில் ஒரு நகராட்சி அப்படித் தீர்மானம் போட்டிருந்தால் மறுநாள் சுவரொட்டிகளில் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

படங்கள் வந்தன. பிக்காசோ, 1963இல் தான் வரைந்த ‘பெண்ணின் தலை’ ஓவியத்தைக் கொடுத்தார். கால்டர், வாசரெலி, ஹார்டுங், சூலாஜ், இத்தாலியின் அல்பெர்டோ புர்ரி ஆகியோரின் படைப்புகளும், பிற்பாடு பெரும் புகழ் பெற்ற ஹாக்னி, கிறிஸ்டோ, ஜாஸ்பர் ஜான்ஸ் போன்றோரின் படைப்புகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. இரும்புத்திரையின் இரு பக்கங்களிலிருந்தும் தந்தார்கள். கட்டடத்தைப் போலந்து அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. ‘புலிகள்’ என்று செல்லப்பெயர் பெற்ற மூன்று வார்சா கட்டடக் கலைஞர்கள் வரைபடம் தயாரித்தார்கள். கோட்டைக்குப் பக்கத்துக் குன்றின் மேல், நகரம் முழுவதையும் பார்க்கும்படி எழுந்த அந்தக் கட்டடம் 1970 நவம்பரில் திறக்கப்பட்டது. இன்று தொகுப்பில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள்.

அன்பளிப்பாக வரும் படங்களில் ஒரு சங்கடம் உண்டு. கல்யாணத்துக்கு வரும் பரிசுப் பொருள்கள் மாதிரி, எதை வேண்டாம் என்று சொல்ல முடியும்? ஓவியர்கள் தங்கள் சிறந்ததையும் தருவார்கள், வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதையும் தருவார்கள். ஸ்கோப்யே தொகுப்பும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு விலக்கில்லை. ஆனால் அதிலேதான் அதன் ருசி இருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்கள் அந்தக் காலத்தை வென்றவர்களின் வரலாறாகக் காட்டும்போது, இங்கே அன்றைய ஓவிய உலகம் முழுவதும் ஒரே கூடத்தில் தோளோடு தோள் நிற்கிறது. பிக்காசோவுக்குப் பக்கத்தில் இன்று யாரும் பெயர் சொல்லாத ஒருவர்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் நிலநடுக்கம் இல்லை. இடிந்த சுவரோ அழும் தாயோ இல்லை. பிக்காசோவின் பெண் ஸ்கோப்யேவைப் பற்றி எதுவும் அறியாதவள். கொடுத்தவர்கள் துக்கத்தை வரைந்து அனுப்பவில்லை. தாங்கள் வழக்கமாகச் செய்துகொண்டிருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். இழவு வீட்டுக்குச் சோறாக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பவர், அந்தச் சோற்றில் துக்கத்தைக் கலப்பதில்லை.

பேரிடரிலிருந்து ஓர் ஊர் எழுந்ததைக் கொண்டாடவோ எழ உதவவோ நடக்கும் சர்வதேசக் கலைக் காட்சிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது, ஸ்கோப்யே ஒரு முனையில் நிற்கிறது. எதிர்முனையில் நேப்பிள்ஸ்.

1980 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு 7.34. தென் இத்தாலியின் இர்ப்பினியா மலைப்பகுதி ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆடியது. சுமார் 2,900 பேர் இறந்தார்கள். 2,80,000 பேர் வீடிழந்தார்கள். மலைக் கிராமங்களுக்கு உதவி போய்ச் சேரப் பல நாளானது. மூன்றாம் நாள், நவம்பர் 26 காலை, நேப்பிள்ஸின் ‘இல் மத்தினோ’ நாளிதழ் முதல் பக்கத்தின் அகலம் முழுக்க இரண்டே சொற்களை அச்சிட்டது: ‘ஃபாத்தே ப்ரெஸ்தோ’. சீக்கிரம் செய்யுங்கள். அன்று மாலையே குடியரசுத் தலைவர் சாந்த்ரோ பெர்த்தினி தொலைக்காட்சியில் தோன்றித் தன் சொந்த அரசின் மெத்தனத்தைச் சாடினார். இத்தாலிய அரசியலில் அதற்கு முன் கேட்டிராத பேச்சு அது.

நேப்பிள்ஸில் லூச்சியோ அமேலியோ என்றொரு கலைக்கூட உரிமையாளர் இருந்தார். நியூயார்க்கையும் ஜெர்மனியையும் நேப்பிள்ஸுக்கு இழுத்து வந்தவர். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஆண்டி வார்ஹோலையும் ஜோசப் பாய்ஸையும் தன் கூடத்தில் ஒன்றாக நிறுத்தியிருந்தார். நிலநடுக்கத்துக்குப் பின் தனக்குத் தெரிந்த கலைஞர்களிடமெல்லாம் அவர் கேட்டது, ஸ்கோப்யேவுக்காகக் கேட்கப்பட்டதிலிருந்து வேறுபட்டது. இருப்பதைக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. இந்த நடுக்கத்துக்குப் பதிலாக ஒன்றைப் புதிதாகப் படையுங்கள் என்றார். தொகுப்புக்கு ‘தெர்ரே மோத்துஸ்’ என்று லத்தீனில் பெயர் வைத்தார். நிலத்தின் அசைவு என்று பொருள்.

வார்ஹோல் 1981இல் அந்த நாளிதழின் முதல் பக்கத்தையே எடுத்து மூன்று பெரிய பலகைகளாக்கினார். ஆளுயரத்துக்கும் மேலே எழும் பலகைகள். அதே தலைப்பு மூன்று முறை. பாய்ஸ் ஓவியம் எதுவும் தரவில்லை. பழைய மரமேசைகளைக் கொண்டுவந்து, அவற்றின் கால்களைக் கண்ணாடிக் குடுவைகளின் மேல் ஊன்றி நிறுத்தினார். ‘அரண்மனையில் நிலநடுக்கம்’ என்பது தலைப்பு. அறைக்குள் பலமாக அடியெடுத்து வைத்தால் எல்லாம் சரிந்துவிடும் என்ற பயம் பார்ப்பவரின் காலில் ஏறுகிறது. நிலநடுக்கத்தைப் பற்றிய கலைப்படைப்புகளில் இதைவிடச் சுருக்கமாகவும் கூர்மையாகவும் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கீஃபர், ரிக்டர், டுவோம்ப்ளி, ரவுஷன்பர்க், குனெல்லிஸ், பலதீனோ, கீத் ஹேரிங், மேப்பிள்தார்ப் எனத் தொகுப்பு வளர்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள். எண்பதுகளின் மேற்கத்தியக் கலையைப் பாடமாக நடத்த இந்த ஒரு தொகுப்பே போதும்.

1984இல் வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில், எர்க்கொலானோவின் கம்போலியேத்தோ மாளிகையில் அது காட்சிக்கு வந்தது. கி.பி. 79இல் எரிமலை விழுங்கிய ஹெர்குலேனியம் அதற்குப் பக்கத்தில்தான். 1987இல் பாரிஸின் கிராண்ட் பலே அரங்கத்துக்குப் போனது. 1994இல் காலமான அமேலியோவின் விருப்பப்படி இப்போது கசெர்த்தா அரண்மனையில் இருக்கிறது. போர்போன் மன்னர்கள் வேர்சாய்க்குப் போட்டியாகக் கட்டிய, 1,200 அறைகள் கொண்ட அரண்மனை அது. அமேலியோ தொகுப்பின் படைப்புகளை விற்றுக் காசாக்கியிருக்கலாம். தன் மண்ணிலேயே பொதுச்சொத்தாக விட்டுச்சென்றார் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் மலைக் கிராமங்கள்? கலைத் தொகுப்பு பாரிஸுக்குப் போய்த் திரும்பிய காலத்திலும் அங்கே தற்காலிக வீடுகளில் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. மறுகட்டமைப்புக்கு ஒதுக்கிய பெரும்பணத்தில் அரசியல்வாதிகளும் ‘கமோரா’ என்னும் குற்றக்கும்பல்களும் பங்கு போட்டார்கள். அதை விசாரிக்க, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஸ்கால்ஃபரோ தலைமையில் நாடாளுமன்றக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. சீக்கிரம் செய்யுங்கள் என்ற வேண்டுகோளுக்கு மிகச் சீக்கிரமாகப் பதில் சொன்னவர்கள் ஓவியர்களே என்பது வேடிக்கையா வேதனையா என்று தெரியவில்லை. கலையின் மேல் இதற்குப் பழி போட முடியாது. ஆனாலும், வீடில்லாதவனின் கூக்குரல் பெரிய சட்டகத்தில் அரண்மனைச் சுவரில் மாட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும் எவருக்கும் நெஞ்சில் ஒரு முள் குத்தும். குத்த வேண்டும் என்றே வார்ஹோல் செய்திருக்கலாம். செய்தித்தாள் தலைப்பு எப்படிப் பழசாகும் என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை.

கலைக்கும் வீட்டுக்குமான இந்த வழக்கு அதிகம் நடந்த இடம் சிசிலியின் ஜிபெல்லீனா. 1968 ஜனவரி நடுவில் பெலிச்சே பள்ளத்தாக்கை உலுக்கிய நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊர்களில் ஒன்று. பழைய இடத்தை அப்படியே விட்டுவிட்டு, இருபது கிலோமீட்டர் அளவு தள்ளிப் புது ஊர் கட்ட முடிவானது. மக்கள் பத்தாண்டுகளுக்கும் மேல் தகரக் கொட்டகைகளில் காத்திருந்தார்கள். மேயர் லுடோவிகோ கொர்ராவோ அந்தக் காத்திருப்புக்கு நடுவே கலைஞர்களை அழைத்தார். 1970இல், நிலநடுக்கத்தின் இரண்டாம் ஆண்டு நினைவில், இடிபாடுகளிடையே தீப்பந்தங்களோடு நடந்த இரவுக் கூட்டத்தை ரெனாதோ குத்தூசோ ஓவியமாக்கினார். புது ஊரின் வாசலில் பியேத்ரோ கொன்சாக்ரா எஃகில் பிரம்மாண்டமான நட்சத்திரம் ஒன்றை நிறுத்தினார். தெருவுக்குத் தெரு சிற்பம். ஊரின் பெரிய தேவாலயத்தின் கூரையோ, திறப்பதற்கு முன்பே 1994இல் சரிந்து விழுந்தது.

புர்ரியும் வந்தார். ஸ்கோப்யேவுக்குப் படம் தந்த அதே புர்ரி. புது ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே எனக்கு வேலையில்லை, பழைய ஊரைக் காட்டுங்கள் என்று கேட்டதாகச் சொல்வார்கள். இடிபாடுகளை அகற்றாமல் அவற்றைத் திரட்டி, மேலே வெள்ளை சிமென்ட் வார்த்தார். சுமார் 80,000 சதுர மீட்டர். பார்த்தால் வெயிலில் வெடித்த ஏரித்தரை. வெடிப்புகளுக்குள் நடக்கலாம். அவை பழைய தெருக்களின் போக்கை ஏறத்தாழ ஒட்டிச் செல்கின்றன. இரு பக்கமும் ஆள் உயரச் சிமென்ட் பாறைகள். உள்ளே, மக்கள் விட்டுச்சென்ற பாத்திரங்களும் துணிகளும் நாற்காலிகளும் அப்படியே புதைந்திருக்கின்றன. 1984இல் தொடங்கிய வேலை பணமில்லாமல் 1989இல் நின்றது. அவர் இறந்து இருபதாண்டுகள் கழித்து, 2015இல், அவருடைய நூற்றாண்டின்போது முடித்தார்கள்.

சொந்த வீட்டின் மேல் சிமென்ட் ஊற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஊர்க்காரர்களில் பலர் மனம் குமுறினார்கள். கலைக்குச் செலவிட்டதை வேலைவாய்ப்புக்குச் செலவிட்டிருக்கலாம் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. இளைஞர்கள் ஊரைவிட்டுப் போவதும் ஓயவில்லை. கொர்ராவோவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கொட்டகையில் வாழ்பவனுக்குக் கூரை மட்டும் போதும், அழகு தேவையில்லை என்று யார் தீர்மானிப்பது? எனக்கு இரண்டு பேச்சும் சரியாகவே படுகின்றன. புர்ரியின் வெண்பரப்பு இருபதாம் நூற்றாண்டின் பெரிய படைப்புகளில் ஒன்று என்பதிலும் சந்தேகமில்லை. அதைக் காண வருபவர்களில் பெரும்பாலோர், காரைத் திருப்பிக்கொண்டு புது ஊருக்குள் நுழையாமலேயே போகிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

ஓவியமே அடிபட்டால் என்ன செய்வது? 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஃபிளாரன்ஸுக்குள் புகுந்தது. குளிர்காலத்துக்காக நிரப்பி வைத்திருந்த எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து, வெள்ளத்தோடும் சேற்றோடும் கலந்தன. சாந்தா குரோச்சே தேவாலயத்தின் வளாகத்தில் இருந்த, பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிமபூவே வரைந்த பெரிய சிலுவை ஓவியம் அந்தக் கறுப்பு நீரில் மூழ்கியது. அதன் வண்ணப்பூச்சில் அறுபது சதவீதம் உதிர்ந்துபோனது. உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் வந்து சேற்றில் இறங்கி ஏடுகளையும் படங்களையும் தூக்கினார்கள். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று ஊர் அவர்களை அழைத்தது.

சிமபூவேயைச் செப்பனிட்டவர்கள் செய்தது எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகவும் பிடித்த காரியம். உம்பெர்தோ பால்தினியும் ஒர்னெல்லா கசாத்சாவும், போன இடங்களில் சிமபூவே என்ன வரைந்திருப்பார் என்று ஊகித்து வரையவில்லை. வெறும் மரமாகவும் விட்டுவிடவில்லை. காலியான பகுதிகளை மெல்லிய, குறுக்கும் நெடுக்குமான வண்ணக் கோடுகளால் நிரப்பினார்கள். தூரத்தில் நின்றால் காயம் கண்ணை அடிக்காது. கிட்டே போனால் இதோ இங்கே இழந்தோம் என்று தெரியும். பத்தாண்டுகள் பிடித்த வேலை. பிறகு 1982இல் அந்தச் சிலுவையே பயணம் புறப்பட்டது: ஒலிவெட்டி நிறுவனத்தின் ஆதரவில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பாரிஸ் லூவ்ர் என்று பல நகரங்கள். ஒற்றை ஓவியக் கண்காட்சி. காட்டப்பட்டது ஓர் ஓவியமும் அதன் தழும்பும். உதவிய உலகத்துக்கு ஃபிளாரன்ஸ் இதைவிட நேர்மையாகக் கணக்குக் காட்டியிருக்க முடியாது.

ஆனால் அதே ஊர் இன்னொரு கணக்கில் தவறியது. வெள்ளத்துக்குப் பின் கலை வரலாற்றாசிரியர் கார்லோ லுடோவிகோ ரக்கியான்தி, நகரத்துக்கு ஈடாக நவீன ஓவியங்களைத் தாருங்கள் என்று கலைஞர்களை அழைத்தார். பலர் தந்தார்கள். கப்பல் பொறியாளரான அல்பெர்டோ தெல்லா ரஜோனே 1970இல் தன் மொத்தச் சேகரிப்பையும் ஊருக்கு எழுதிக் கொடுத்தார். அவற்றுக்கான முறையான அருங்காட்சியகம் திறந்தது 2014இல். ஏழை ஸ்கோப்யே ஏழாண்டுகளில் செய்ததைப் பணக்கார ஃபிளாரன்ஸ் செய்ய அரை நூற்றாண்டு ஆனது. கைவசம் மைக்கேலாஞ்சலோ இருக்கிற ஊருக்கு அவசரம் வராது.

பிற்காலக் கதைகளை வேகமாகச் சொல்லலாம், ஏனென்றால் அவற்றில் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வருகிறது. 2005 கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் டேன் கேமரன் 2008 இறுதியில் நடத்திய ‘ப்ராஸ்பெக்ட்’ பெருங்காட்சியில் எண்பது கலைஞர்கள் கலந்துகொண்டார்கள், அனுமதி இலவசம். வெள்ளம் துடைத்தெடுத்த கறுப்பர் குடியிருப்பில் மார்க் பிராட்ஃபோர்டு பழைய ஒட்டுப்பலகைகளால் நோவாவின் பேழையைக் கட்டி நிறுத்தினார். சுற்றுலா வந்தது, பாராட்டு வந்தது, கூடவே கடனும் வந்தது. அடுத்த பதிப்பு ஓராண்டு தள்ளிப்போனது. ஜப்பானில் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, பண்பாட்டு மீட்சியின் அடையாளமாக தடாவோ ஆண்டோ வடிவமைத்த மாகாண அருங்காட்சியகம் 2002இல் எழுந்தது. 2011 சுனாமி வாரிச் சென்ற இஷினோமாகியில் 2017இல் தொடங்கிய கலைவிழாவின் படைப்புகளில் பெரும்பகுதி வந்துபோனவை. கோஹெய் நாவாவின் வெள்ளை மான் மட்டும் கடலோரத்திலேயே தங்கிவிட்டது.

ஹெய்தியில் நிலைமை வேறு. 2010 ஜனவரியில் தலைநகர் சரிந்தபோது, அந்நாட்டு ஓவிய மரபின் தாய்வீடான, 1944இல் தொடங்கிய ‘சாந்த்ர் தார்’ கலைக்கூடமும் சரிந்தது. பரிசுத்த திரித்துவப் பேராலயத்தில் உள்நாட்டு ஓவியர்கள் வரைந்த 14 சுவரோவியங்களில் மூன்றே எஞ்சின. அவற்றைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்துக் காப்பாற்ற ஸ்மித்சோனியன் நிறுவனம் உதவியது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்ற பழமொழி அங்கே எழுத்துக்கு எழுத்து பலித்தது. 2014இல் ஹெய்தியின் இருநூறு ஆண்டுக் கலையைப் பாரிஸ் பார்த்தது, நேப்பிள்ஸ் தொகுப்பு போன அதே கிராண்ட் பலேயில்.

மீட்சி என்று சொல்ல மறுத்தவரும் ஒருவர் உண்டு. 2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் மட்டமான கட்டுமானத்தால் விழுந்த பள்ளிகளில் இறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெயர்களைத் தன்னார்வலர்களோடு திரட்டினார் சீனக் கலைஞர் ஐ வெய்வெய். மியூனிக் அருங்காட்சியகத்தின் முகப்பில் 9,000 பள்ளிப் பைகளை மாட்டி, மகளை இழந்த ஒரு தாயின் சொற்களை எழுதினார். வளைந்த இரும்புக் கம்பிகளைப் பல பத்து டன் அளவுக்கு வாங்கி, ஒவ்வொன்றாகத் தட்டி நேராக்கி, தரையில் பரப்பினார். சீன அரசு ‘எழுந்துவிட்டோம்’ என்று விழா எடுத்த காலத்தில், கணக்கு இன்னும் முடியவில்லை என்று சொன்ன காட்சி அது. மீட்சியைக் கொண்டாடும் எந்தக் கண்காட்சியையும் பார்க்கும்போது, யார் இதைக் கொண்டாடச் சொல்கிறார்கள் என்று கேட்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் அவர்தான்.

நம் கடற்கரையிலும் ஒரு சின்ன விஷயம் நடந்தது, ஓவியமில்லை, பொம்மை. 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லின் ‘உபாசனா’ துணி வடிவமைப்புக் கூடத்தில் உமா பிரஜாபதி, மீனவப் பெண்களுக்குத் தையல் மிச்சத் துணுக்குகளைக் கொடுத்து விரலளவுப் பொம்மைகள் செய்யச் சொன்னார். ‘சுனாமிகா’ என்று பெயர். செய்த பெண்களுக்குக் கூலி உண்டு. பொம்மைக்கு விலை கிடையாது. கேட்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். லட்சக்கணக்கில் செய்து உலகெங்கும் அனுப்பினார்கள். கலைச் சந்தை இதைக் கலை என்றே ஒப்புக்கொள்ளாது. ஸ்கோப்யேவின் பக்கம் நிற்கும் காரியம் இது, ஆனால் திசை மட்டும் எதிர். அங்கே உலகம் கொடுத்தது, ஊர் வாங்கியது. இங்கே எல்லாம் இழந்த பெண்களின் கைகள் செய்தன, உலகம் வாங்கியது.

இவ்வளவையும் பார்த்தபின் என் தராசு ஸ்கோப்யேவின் பக்கமே சாய்கிறது. கலையின் எடையில் நேப்பிள்ஸ் தொகுப்பு அதைவிடக் கனமானது, ஜிபெல்லீனாவின் வெண்பரப்பு இரண்டையும்விடக் கனமானது. ஆனாலும் ஸ்கோப்யேவில் கொடுத்தவர் பெயரைவிட வாங்கிய ஊர் பெரிதாகத் தெரிகிறது. 2010க்குப் பிறகு அந்நாட்டு அரசு, நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்த கான்கிரீட் கட்டடங்களின் முகத்தில் பழங்கால பாணித் தூண்களை ஒட்டி, சதுக்கம் முழுக்க வீரர் சிலைகளை நட்டது. குன்றின் மேலிருந்த அருங்காட்சியகம் அந்த ஒப்பனைக்குத் தப்பியது. 2023இல், நிலநடுக்கத்தின் அறுபதாம் ஆண்டில், அந்தத் தொகுப்பின் ஒரு பகுதி வியன்னாவின் குன்ஸ்ட்ஹாலே அரங்கத்தில் காட்சிக்கு வந்தது. ஆனால் அதன் நிரந்தர இடம் ஸ்கோப்யேதான்.

அடுத்த முறை ஏதாவது பேரிடர் நிவாரண ஓவியக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். படங்களைப் பார்த்து முடித்தபின், வாசலில் நிற்கும் அமைப்பாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: காட்சி முடிந்த மறுநாள் இவை எந்த ஊரில், யார் சுவரில் இருக்கும்?